ஆறேகால் வண்டி

கண்ணு,

இன்று காலையில் நான் உன்னைப் பார்த்தேன். பக்கவாட்டுக் கண்ணாடியில் நன்றாகவே தெரிந்தாய். தோளில் பை ஆட, இரண்டு ஷூவையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டு, நம் வீட்டுச் சரிவிலிருந்து ரோட்டைப் பார்த்து ஓடி வந்துகொண்டிருந்தாய். உனக்கும் வண்டிக்கும் நடுவில் நூறு அடி இருந்தால் அதிகம். மணி சரியாக ஆறு பதினைந்து. என் கால் பிரேக்கின் மேல்தான் இருந்தது. அதை எடுத்து ஆக்சிலேட்டரில் வைத்தேன். அப்பாவுக்குக் கண் தெரியவில்லை போலிருக்கிறது என்று நீ நினைத்திருந்தால், அந்த நினைப்பை விட்டுவிடு. தெரிந்துதான் போனேன்.

இப்போது மணி எட்டு ஐம்பது. நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, டிரைவர் சீட்டிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். காகிதம் ட்ரிப் ஷீட்டின் பின்பக்கம், பேனா கண்டக்டர் செல்வராசுவுடையது. மறுபடி மலைக்கு வண்டி பதினொன்று பத்துக்குத்தான். உனக்கு ஏழு தடவை போன் போட்டுவிட்டேன். மணி அடித்து அடித்து நிற்கிறது. வகுப்புக்குள் போய்விட்டதால் எடுக்கவில்லையா, பாதி மலையில் டவர் கிடைக்காமல் நிற்கிறாயா, இல்லை என் நம்பரைப் பார்த்துவிட்டு வேண்டுமென்றே விடுகிறாயா, ஒன்றும் தெரியவில்லை. வகுப்பு தொடங்க இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறது. உட்கார முடியவில்லை. இந்தப் பாராவை எழுதுவதற்குள் இரண்டு தடவை இறங்கி ஏறிவிட்டேன்.

இன்று என்ன நாள் என்று எனக்குத் தெரியாது என்று எண்ணிக்கொள்ளாதே. இந்த செமஸ்டரின் கடைசி கணக்கு வகுப்பு இன்று, ஃபர்ஸ்ட் ஹவர், ஒன்பது மணிக்கு. இதற்கு நீ உள்ளே இருந்தால் கணக்கில் உன் அட்டென்டன்ஸ் எழுபத்தைந்து சதவீதத்தைத் தொடும், ஹால் டிக்கெட் கையில் வரும். இல்லாவிட்டால் பெயர் லிஸ்ட்டில் ஒட்டப்படும், பரீட்சை எழுத முடியாது. அப்படி ஆனால் நீ காலேஜையே விட்டுவிடுவாய் என்பதும் தெரியும். போன வாரம் அடுப்படியில் அம்மாவிடம் நீ சொன்னது என் காதில் விழத்தான் செய்தது. "ஹால் டிக்கெட் வராட்டி நா நிறுத்திப் போட்டு ஹெவி லைசென்ஸ் எடுத்துக்கறேன்னு அப்பாகிட்டச் சொல்லிருங்கம்மா." நான் மூன்றடி தள்ளி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எனக்குச் சொல்ல வேண்டியதை அம்மாவிடம் சொல்கிறாய். இருபத்திரண்டு நாளாக இப்படித்தான். இதெல்லாம் தெரிந்தும் இன்றைக்கு உன்னை ரோட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். ஏன் என்று நேரில் சொன்னால் பாதியில் கத்திவிடுவேன், என் குணம் உனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த மெசேஜிலிருந்து தொடங்குகிறேன். நீ சேர்ந்தபோது அப்பாவின் நம்பர் என்று என் போன் நம்பரைக் கொடுத்தாய். முதல் வருஷம் லேட்டானாலும் உள்ளே விட்டார்களோ என்னவோ, ஒன்றும் வரவில்லை. இரண்டாம் வருஷத்திலிருந்து பத்தரை மணிவாக்கில் டிங் டிங் என்று வர ஆரம்பித்தது. இங்கிலீஷில் நாலு வரி, அதில் உன் பெயர், அப்புறம் ஆப்சென்ட். அந்த ஒரு வார்த்தைக்கு எனக்குச் செல்வராசு தேவையில்லை. முதல் தடவை வந்த அன்று சாயந்திரம் உன்னைக் கேட்டேன். "போனேங்கப்பா" என்றாய். இரண்டாம் தடவை கேட்டபோது "போனேன், கொஞ்சம் லேட்டாயிருச்சுங்கப்பா" என்றாய். "லேட்டானா ஓடு. காலு என்னத்துக்கு இருக்குது?" என்றேன். அதற்கு மேல் நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் என் மண்டைக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது. இவனை பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடுவதே நான்தான். என் கண்ணெதிரே டவுன் பஸ் ஏறுகிறான். அப்புறம் ஆப்சென்ட் என்றால் பயல் எங்கே போகிறான்? தியேட்டருக்கா? எவனோடாவது சுற்றுகிறானா? இப்படியே யோசித்து யோசித்து, ஒரு வாரத்தில் மூன்று மெசேஜ் வந்த பிறகு, உன்னை இதே பஸ் ஸ்டாண்டில் வைத்து அறைந்தேன்.

அதை நான் மறக்கவில்லை. நம் மலையின் அரியூர் நாட்டுப் பெண் பிள்ளைகள் மூன்று பேர், உன்னோடு தினமும் வருகிறவர்கள், அப்போதுதான் படியில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். "எந்தத் தியேட்டர்லடா உக்காந்திருந்த?" என்று கேட்டேன். "காலேஜுக்குத்தாங்கப்பா போனேன்" என்று மூன்றாம் தடவையும் அதையே சொன்னாய். பொய்க்கு மேல் பொய் என்று கை நீண்டுவிட்டது. நீ கன்னத்தைக் கூடத் தொடவில்லை. கீழே விழுந்த பையை எடுத்துத் தூசியைத் தட்டிவிட்டு டவுன் பஸ் பக்கம் நடந்தாய். இருபது வயது ஆம்பளைப் பிள்ளையை நாலு பேர் முன்னால் அடித்தேன். அன்றிலிருந்து நீ என்னோடு பேசவில்லை. பேசியிருந்தால்தான் ஆச்சரியம்.

மணி ஒன்பது ஆகிவிட்டது. இப்போது பெயர் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். டவுன் பஸ் நிற்கிற இடம் வரை போனேன். பத்து நிமிஷத்தில் உன் காலேஜ் வாசலில் இறங்கிவிடலாம், ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிடலாம். ஏறப் போனவன் திரும்பி வந்துவிட்டேன். உன் கூடப் படிக்கிறவர்கள் முன்னால் காக்கிச் சட்டையோடு வந்து நின்று இன்னொரு தடவை உன்னைத் தலை குனிய வைக்க வேண்டாம் என்று பார்த்தேன். அப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. எட்டிப் பார்த்து உன் இடம் காலியாக இருந்தால் என்ன செய்வது என்ற பயம்தான்.

அறைந்த இரண்டாம் நாள் உன் டியூட்டர் மேடம் போன் செய்து வரச் சொன்னார். இதை உனக்கு நான் சொல்லவே இல்லை. வண்டியில் எப்போதும் ஒரு வெள்ளைச் சட்டை மடித்து வைத்திருப்பேனே, அதை மாற்றிக்கொண்டு போனேன். உன்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும் அந்தப் பொண்ணுக்கு. "உட்காருங்கப்பா" என்று நாற்காலியைக் காட்டியது. ஒரு பெரிய தாளை விரித்து வைத்தது. தேதி வாரியாகக் கட்டம் கட்டமாக இருந்தது, ஒரு நாளைக்கு ஐந்து கட்டம். நான் என் பங்குக்கு, "மேடம், பையன் எங்க சுத்தறான்னு தெரியலீங்க, ஊட்டுல கேட்டாப் பொய் சொல்றான். நீங்க எவ்வளவு வேணாலும் கண்டிச்சுக்கலாம்ங்க" என்று ஆரம்பித்தேன். அது என்னை ஒரு மாதிரி பார்த்தது.

"அப்பா, உங்க பையன் எங்கேயும் சுத்தலை. இதைப் பாருங்க. ஆப்சென்ட் எல்லாம் முதல் கட்டத்துலயே இருக்குது பாருங்க. மத்த நாலு ஹவரும் தினமும் உள்ளதான் இருக்கான். ஆப்சென்ட் ஆன நாள்ல ஒன்பதே கால், ஒன்பது இருபதுக்கு மூச்சு வாங்கிக்கிட்டு வந்து நிப்பான். கணக்கு சார் உள்ள விடமாட்டார். வராண்டாவுலயே நின்னு நோட்ல எழுதிக்கிட்டிருப்பான். நானே பாத்திருக்கேன்."

மார்க்கையும் காட்டியது. மற்றதில் எல்லாம் ஐம்பதுக்கு நாற்பது, நாற்பத்திரண்டு. கணக்கில் மட்டும் பதினாலு. "மலையில இருந்து வர்றான், எனக்குத் தெரியும். போன செமஸ்டரே கெஞ்சி ஒரு தடவை மன்னிச்சு விட்டோம். இந்தத் தடவை முடியாது. இனி ஒரு கணக்கு வகுப்பைக்கூட விடக்கூடாது, ஒண்ணு போனாலும் எழுபத்தஞ்சுக்குக் கீழ" என்றது. அப்புறம் தாளை மடித்துக்கொண்டே சாதாரணமாக ஒன்று சொன்னது. "அவன் வர்ற ஆறேகால் பஸ் வாரத்துல ரெண்டு நாளாவது லேட்டாத்தான் வருதாம். அந்த மூணு பொண்ணுங்களும் அதையேதான் சொல்றாங்க. முடிஞ்சா அந்த டிரைவரைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லுங்களேன். அவருக்கும் பிள்ளைங்க இருக்கும்ல?"

"சொல்றேங்க மேடம்" என்றேன்.

வேறு என்ன சொல்ல? அந்த டிரைவர் நான்தான் தாயே என்று சொல்ல வாய் வரவில்லை. நீயும் சொல்லவில்லையே! அத்தனை மாதமாக அந்த வராண்டாவில் நின்றபோது உன்னை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள், எந்த பஸ், எந்த டிரைவர் என்று. எங்கப்பாதான் ஓட்டுகிறார் என்று ஒருவரிடமும் நீ சொல்லியிருக்கவில்லை. பொய் சொல்லாதவனைப் பொய்யன் என்று அறைந்திருக்கிறேன், அதுவும் நானே செய்த தப்புக்கு.

நான் ஏன் எல்லோருக்கும் நின்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏதோ பெரிய காரணம் இருக்கும், சின்ன வயதில் அப்பாவை எந்த வண்டியோ விட்டுவிட்டுப் போயிருக்கும் என்றெல்லாம் நினைத்துவிடாதே. அப்படி ஒன்றும் இல்லை. எனக்கு அந்தப் பேர் பிடித்திருந்தது, அவ்வளவுதான். வாழவந்தி நாட்டில் போய்க் கேள், ஆறேகால் வண்டி யாரையும் விட்டுவிட்டுப் போகாது என்பார்கள். சரிவுக்கு மேலே இரண்டு நீள ஹாரன் கொடுத்தால், கீழே காட்டுக்குள்ளிருந்து "வாரேன், இருங்க்கோ" என்று குரல் வரும். அந்தக் குரல் மேலே ஏறி வர ஏழெட்டு நிமிஷம் ஆகும். நான் இஞ்சினை ஓட விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பேன். வாழைத்தார், கொய்யாக் கூடை, பலாப்பழ மூட்டை எல்லாம் ஏறும். ஏறுகிறவர்கள் "மகராசன், நின்னியே" என்பார்கள். ஒரு சீப்புப் பழம் டேஷ்போர்டில் விழும். நாலு இடத்தில் இப்படி நின்றால் அரை மணி. புதன்கிழமை சந்தை என்றால் முக்கால் மணி. அந்த மகராசன் என்ற வார்த்தைக்கு அலைந்திருக்கிறேன் கண்ணு. வெளியே நல்லவன் என்று பேர் வாங்குவது ரொம்பச் சுலபம். என் நேரம் போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போனது உன் நேரம், அந்த மூன்று பிள்ளைகளின் நேரம்.

நீ சின்னவனாக இருந்தபோது லீவு நாட்களில் பானெட் மேல் சாக்கு விரித்து உட்கார வைத்து உன்னைக் கூட்டிப் போவேன். இறங்கும்போது மலைப்பாதையின் எழுபது வளைவையும் போர்டு பார்த்து, மேலிருந்து தலைகீழாக எண்ணிக்கொண்டே வருவாய். முப்பத்தெட்டு வந்ததும் எண்ணிக்கை நிற்கும், கண்டக்டர் பையைத் தேடுவான், நீ வாந்தி எடுப்பாய். எடுத்து முடித்து வாயைத் துடைத்துக்கொண்டு "முப்பத்தேழு" என்று தொடங்குவாய். அப்போது ஏறுகிறவர்கள் எல்லாம் உன் கன்னத்தைக் கிள்ளி, "உங்கப்பனாட்டம் ஆளு இந்த மலையில கெடையாது சாமி" என்று சொல்வார்கள். அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, "அப்பா, நிக்காதீங்க, கெளம்புங்க" என்று எப்படிச் சொல்லும்? இது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. அம்மாவிடம் நீ சொன்னாயாம், "அப்பா யாரையாச்சும் உட்டுட்டு வந்தா, அது என்னாலதான்னு ஆயிரும்மா" என்று. அவளும் அதை என்னிடம் சொல்லாமல் வைத்திருந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து என் பேரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தீர்கள்.

ஒன்பது இருபது. இப்போதுதான் உன் அம்மா போன் செய்தாள். எடுத்ததும் "ஏனுங்க, உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்குதுங்களா?" என்றாள். "பெத்த புள்ளையப் பாத்துக்கிட்டே போயிருக்கறீங்க. கணக்கப் போட்டுப் பாத்துக்கிட்டே உக்காந்தவன் அசந்து தூங்கிப் போட்டான். நீங்க கெளம்பறப்ப ஒரு சத்தம் குடுத்திருந்தா ஆவாதுங்களா?" அது நியாயமான கேள்வி. அஞ்சரைக்கு நான் வெளியே வந்தபோது உன் அறையில் விளக்கு எரிந்தது. முழித்திருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். பேசாத பையனைப் போய் நாமாக என்ன கூப்பிடுவது என்ற வீம்பும் இருந்தது. நீ காப்பித் தோட்டத்துக் குறுக்குப் பாதையில் ஓடினாயாம், அதற்கு மேல் அவளுக்கும் தெரியாது. ரோடு ஊர் ஊராகச் சுற்றி வளைவுக்கு வருவதற்குள் குறுக்கே ஓடினால் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருப்பாய். வளைவு இறங்குவதற்கு முன்னால் இருக்கும் கடைசி ஸ்டாப்பில் நானும் பார்த்தேன். ஆள் ஏறி இறங்க ஆகிற நேரத்துக்கு மேல் நிற்கவில்லை, ஆனால் அந்த நேரம் முழுக்கக் காப்பித் தோட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ வரவில்லை.

சரி, ஏன் நிற்கவில்லை என்பதற்கு வருகிறேன். மேடத்தைப் பார்த்துவிட்டு வந்த மறுநாளிலிருந்து வண்டியை ஆறேகாலுக்கு எடுக்க ஆரம்பித்தேன், ஸ்டாப்பில் ஆள் இருந்தால் ஏற்றுவது, இல்லையென்றால் போய்க்கொண்டே இருப்பது என்று. உன்னிடம் மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை. வண்டியை நேரத்துக்கு எடுத்தால் நீயே புரிந்துகொள்வாய் என்று விட்டுவிட்டேன். முதல் நாளே மாட்டினது பாப்பாத்தியக்கா. சந்தைக்குக் கொய்யா கொண்டு போகிறவர், எனக்கு மகராசன் பட்டத்தை முதலில் கொடுத்ததே அந்த அக்காதான். கூடையோடு பாதி மேட்டில் நின்று அவர் கத்தக் கத்தப் போனேன். சாயந்திரம் வண்டிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார்.

"ஏந் தம்பி, கூடையத் தூக்கிக்கிட்டு நா ஓடியாரது உனக்குத் தெரியலியா?"

"தெரிஞ்சுதுங்க்கா."

"தெரிஞ்சும் போட்டுட்டுப் போனயா?"

"காலேஜுப் புள்ளைங்களுக்கு நேரமாயிருதுங்க்கா. நாளையிலருந்து கொஞ்சம் வெள்ளனா வந்துருங்க."

"உம் பையன் படிக்கோணும்ங்கறதுக்கு எம் பொழப்புல மண்ணள்ளிப் போடறயாக்கும்? செரி. ஒரு நாளைக்கு அவனும் இதே மாதிரி ஓடியாருவான். அன்னிக்கு நீ நிக்கறயா போறயான்னு பாக்காம நா சாவமாட்டேன், பாத்துக்க."

மறுநாளிலிருந்து அந்த அக்கா ஆறு மணிக்கே வந்து, எனக்குப் பக்கத்து முன் சீட்டில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தார். ஒரு வார்த்தை பேச மாட்டார். மற்றவர்களும் முனகிக்கொண்டே நேரத்துக்கு வரப் பழகிக்கொண்டார்கள். விட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு. காய்ச்சல் குழந்தையோடு வந்த ஒருவரை மட்டும் ஏற்றினேன், மற்றபடி யாருக்கும் நிற்கவில்லை. அந்த மூன்று பிள்ளைகளில் ஒன்று போன வாரம் இறங்கும்போது "அங்கிள், இந்த வாரம் ஃபுல் பிரசன்ட்" என்று சொல்லிவிட்டுப் போனது. நீ பின் சீட்டிலிருந்து இறங்கி, என் பக்கம் பார்க்காமல் போனாய். என் போனில் பத்தரை மணிக்குச் சத்தம் வராததை வைத்து நீ உள்ளே இருக்கிறாய் என்று தெரிந்துகொண்டேன்.

இன்று நீ கண்ணாடியில் தெரிந்தபோது முதலில் கத்தினது யார் தெரியுமா? பாப்பாத்தியக்காதான். "தம்பி, நிறுத்து! நிறுத்துய்யா, உம் பையன் ஓடியாரான்!"

"தெரியுதுங்க்கா" என்றேன்.

"தெரியுதா? அட பாவி, நா என்னமோ அன்னிக்கு வயித்தெரிச்சல்ல சொன்னேன். அதையப் புடிச்சுக்கிட்டு இப்படிப் பண்றயே! கூடையோட நா ஓடுனதும் பெத்த புள்ள ஓடறதும் ஒண்ணாய்யா?"

ஒன்றுதான் என்று சொல்ல நினைத்தேன், கியரை மாற்றினேன். ஏறக்குறைய இருபது நாளாக ஊரார் பிள்ளைகளையும் பெண்டு பிள்ளைகளையும் விட்டுவிட்டுப் போனவன், தன் பிள்ளை என்றதும் பிரேக் போட்டால், நாளைக்கு எந்த முகத்தோடு அந்த ஹாரனை அடிப்பேன்? நாளைக்கு எல்லோருக்கும் நிற்க வேண்டும். மறுபடி ஒன்பதே கால், மறுபடி வராண்டா. உனக்கு இந்த செமஸ்டரில் இன்று ஒரு நாள்தான் பாக்கி, அந்தப் பிள்ளைகளுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. இதெல்லாம் அந்த நிமிஷத்தில் யோசித்தேனா என்றால் இல்லை. கால் போய்விட்டது. காரணத்தை மலை இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் தேடித் தேடிச் சேர்த்துக்கொண்டேன். அது சரியா தப்பா என்று இப்போதும் தெரியவில்லை. அக்கா காளப்பநாயக்கன்பட்டியில் இறங்கும் வரை என் பக்கம் திரும்பவில்லை. இறங்கும்போது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

பத்து மணி ஆகிவிட்டது. டீ வாங்கி வைத்திருக்கிறேன், ஆறிவிட்டது. இன்னும் அரை மணியில் மெசேஜ் வர வேண்டும். வந்தால் நீ உள்ளே இல்லை என்று அர்த்தம். என் வாழ்க்கையில் ஒரு மெசேஜ் வரக் கூடாது என்று இப்படிப் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை. நீ எப்படி இறங்கியிருப்பாய் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. எவன் பைக்கிலாவது தொற்றிக்கொண்டு, அவசரம் என்று சொல்லி அவனையும் விரட்டி, எழுபது வளைவு. அந்த வளைவுகளில் அவசரப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதை இங்கே எழுத மாட்டேன். அட்டென்டன்ஸ் போனால் போகட்டும், கை கால் முழுசாக இருந்தால் போதும் என்று ஒரு நிமிஷம் தோன்றுகிறது. அடுத்த நிமிஷம், ஐயோ அந்த ஹால் டிக்கெட் என்று தோன்றுகிறது. இரண்டுக்கும் நடுவில் கிடந்து அல்லாடுகிறேன்.

புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, இருந்தாலும் அப்பன் வாய் சும்மா இருக்காது. கணக்கு வரவில்லை, மண்டையில் ஏறவில்லை, படிக்கவே பிடிக்கவில்லை என்று அம்மாவிடம் சொன்னாயாம். உன் மண்டையில் ஒரு குறையும் இல்லை. பாதி வழியில் ஏறினவனுக்கு வண்டி எங்கிருந்து வருகிறது, எந்த ஊர் தாண்டியது என்று எப்படித் தெரியும்? வராண்டாவில் நின்று எழுதியே பதினாலு வாங்கியிருக்கிறாய். இந்தப் பதினைந்து வகுப்பு நாளில் முதலிலிருந்து உட்கார்ந்து கேட்டிருக்கிறாய், அதற்கு என்ன வருகிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் பிடிக்குமா பிடிக்காதா என்று முடிவு பண்ணு. ஹெவி லைசென்ஸ் ஒன்றும் கேவலம் இல்லை, உனக்குச் சோறு போட்டது அதுதான். ஆனால் என் வண்டி உன்னை லேட்டாக்கியதால் நீயும் ஸ்டீயரிங் பிடித்தாய் என்று ஆகக் கூடாது. ஆசைப்பட்டு வா, நானே கற்றுக்கொடுக்கிறேன். வேறு வழியில்லை என்று மட்டும் வராதே.

இன்னொன்று. வாயைத் திற சாமி. உன் பொறுமையைப் பார்த்து எனக்குப் பெருமையாக இல்லை, கோபம்தான் வருகிறது. "அப்பா, உங்களால எனக்கு லேட்டாவுது" என்று ஒரு தடவை என் முகத்தைப் பார்த்துக் கத்தியிருந்தால் நான் குதித்திருப்பேன், இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்திருப்பேன், மூன்றாம் நாள் வண்டியை நேரத்துக்கு எடுத்திருப்பேன். நாளைக்கு உனக்கு ஒரு முதலாளி வருவார், பெண்டாட்டி வருவாள். யாருக்காகவும் வராண்டாவில் நிற்காதே. இதை அன்றைக்கு உன்னை வாய் திறக்க விடாமல் அடித்தவனே சொல்கிறான், சிரிப்புத்தான் வரும் உனக்கு. அடித்தது தப்பு. அதற்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். எழுதிவிட்டேன். இதைச் சொல்ல இருபத்திரண்டு நாள் ஆகியிருக்கிறது.

பத்து முப்பத்தைந்து. டிங் என்றது. உயிரே போய்விட்டது. ரீசார்ஜ் முடியப் போகிறதாம், பாழாய்ப் போனவர்கள்! செல்வராசு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணா, குடுங்க, நா வெச்சிருக்கறேன்" என்று போனை வாங்கப் பார்த்தான். கொடுக்கவில்லை.

பத்து ஐம்பது. இன்னும் வரவில்லை. வராவிட்டால் நல்லது என்று செல்வராசு சொல்கிறான். சில நாள் பன்னிரண்டு மணிக்குக்கூட வந்திருக்கிறதே என்று நான் சொல்கிறேன். ஆள் ஏற ஆரம்பித்துவிட்டார்கள். பதினொன்று பத்துக்கு வண்டியை எடுக்க வேண்டும். உன்னைப் பற்றி ஒன்றும் தெரியாமலே எடுக்க வேண்டும் போலிருக்கிறது. ஐந்து நிமிஷம் தாமதம் பண்ணலாமா என்று மனசு கேட்கிறது. பார், இன்னும் திருந்தவில்லை.

பதினொன்று ஆறு. கண்ணு, உன் மெசேஜ் வந்தது. இன்டர்வெல் விட்டிருப்பார்கள். அம்மா மூலமாகச் சொல்லாமல் எனக்கே அனுப்பியிருக்கிறாய். நாலு தடவை படித்துவிட்டேன். அப்படியே இங்கே எழுதி வைத்துக்கொள்கிறேன்.

"ஃபர்ஸ்ட் ஹவர் பிரசன்ட். குச்சிக்கிழங்கு லாரில காளப்பநாயக்கன்பட்டி, அங்கிருந்து ஒரு அண்ணன் பைக். லாரி ஏறறப்ப ஒரு ஷூ கீழ உழுந்துருச்சு. 69ஆவது வளைவு, எடதுபக்கம். மேல போறப்ப எடுத்துட்டுப் போங்கப்பா."

ஒற்றை ஷூவோடு போய்க் கணக்கு வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாயடா! ஸ்டீயரிங்கில் தலையை வைத்து அழுதேன், வண்டி நிறைய ஆள் இருக்க, வெட்கமில்லாமல் அழுதேன். செல்வராசு எல்லோரிடமும் தூசி விழுந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருக்கிறான்.

பதினொன்று ஒன்பது. அறுபத்தொன்பதாவது வளைவில் ஸ்டாப் கிடையாது, அது உனக்கும் தெரியும். ஆனால் மேலே போகிற இந்த வண்டியில் காலேஜுக்குப் போகிறவர்கள் யாரும் இல்லை. வளைவைத் தாண்டி ஓரமாக நிறுத்தி, நானே இறங்கித் தேடி எடுத்து வருகிறேன். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, இன்றைக்கு வண்டி நிற்கும்.